மஞ்சள் வைத்த செக்

எனக்குச் சட்டம் தெரியாது. எங்கள் உறுவையாறில் எனக்குத் தெரிந்து யாருக்கும் தெரியாது. ஆனால் செக் திரும்பி வந்தால் எத்தனை நாளில் நோட்டீஸ் விட வேண்டும், எத்தனை நாளில் கேஸ் போட வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். இந்தப் படிப்பை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் நாத்தனார் புருஷன். பீஸ் மட்டும் கொஞ்சம் அதிகம், மூன்று லட்சம்.

முறைக்கு எனக்கு அவர் அண்ணன். என் வீட்டுக்காரருடைய சித்தப்பா மகளைக் கட்டிக்கொண்டு பாகூர் பக்கம் இருக்கிறார். சவுக்குத் தரகர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. ஒரு பேனாவே போதுமே, இரண்டு எதற்கு என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். "தங்கச்சி, தங்கச்சி" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். ஒரு தீபாவளிக்காவது தங்கச்சிக்கு ஒரு ரவிக்கைத் துணி எடுத்துக் கொடுத்தாரா என்று கேட்காதீர்கள்.

எங்களுக்கு இருப்பது ஒரு காணி நிலம். நெல்லுக்கு ஆள் கிடைக்காமல் அலுத்துப்போய் ஒரு வருஷம் சவுக்கு வைத்தோம். சவுக்கு வைத்தவன் காலை நீட்டி உட்காரலாம் என்பார்கள். நாங்களும் உட்கார்ந்தோம், வருமானமும் எங்கள் பக்கத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டது. அதே வருஷம்தான் என் மகள் நர்சிங் காலேஜில் சேர்ந்தாள். அவள் நாலு வருஷம் படித்து முடிக்கும்போது மரம் வெட்டுக்கு வந்துவிடும், பீஸ் பாக்கியைக் கட்டிவிடலாம் என்பது என் கணக்கு. மரம் ஒழுங்காக வளர்ந்தது, பெண்ணும் ஒழுங்காகப் பாஸ் செய்தாள். கணக்கில் இடித்தது மனுஷன்தான்.

காலேஜில் பாக்கி ஐம்பத்தெட்டாயிரம். அதைக் கட்டும்வரை அவளுடைய சர்டிபிகேட் எல்லாம் அவர்கள் பீரோவில். நர்சிங் சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டால்கூட ஒரு நியாயம் இருக்கிறது என்று சொல்லலாம். வில்லியனூர் பள்ளிக்கூடத்தில் அவள் வாங்கிய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் சேர்த்துப் பூட்டி வைத்திருந்தார்கள். ஒரிஜினல் இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியும் வேலை தராது. நாலு வருஷம் ஊசி போடப் படித்த பெண், வில்லியனூரில் ஒரு கிளினிக் வாசலில் மாதம் ஆறாயிரத்துக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். கூடப் படித்தவள் ஒருத்தி அதே கிளினிக்குக்கு நர்சாக வந்து சேர்ந்தபோது, அவளுக்கும் இவள்தான் முதல் நாள் நாற்காலி துடைத்துப் போட்டாள். அதை எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மரம் வெட்டி, லாரி ஏற்றி, எடை போட்டதில் ஐம்பது டன். டன் ஆறாயிரம் என்று பேச்சு. அண்ணன் வீட்டுக்கு வந்து, மோர் குடித்து, செக்கை எழுதி நீட்டினார்.

"ரொக்கமாவே குடுத்துருவேன் தங்கச்சி. அவ்ளோ பணத்தை வண்டில வெச்சிக்கினு வர பயமா கீது. செக்குன்னா கவர்மெண்ட்டு மாதிரி, எங்கயும் போவாது."

அவர் சொன்னது அத்தனையும் சத்தியம். எங்கேயும் போகவில்லை. போன வேகத்தில் எங்களிடமே திரும்பி வந்தது.

ஆனால் அதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். பிறத்தியாரைப் பேசுகிற வாய் தன் குற்றத்தையும் பேச வேண்டும், சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் புதிதாக எந்தக் காகிதம் வந்தாலும் நாலு மூலையிலும் மஞ்சள் வைப்பேன். கல்யாணப் பத்திரிகையோ, நிலப் பத்திரமோ, பிள்ளையின் ஹால் டிக்கெட்டோ, எதுவானாலும் மஞ்சள் வைத்து சாமி படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் மறுவேலை. மூன்று லட்ச ரூபாய் செக்கை மட்டும் மொட்டையாக விடுவேனா? குழைத்த மஞ்சளைத் தாராளமாக நாலு மூலையிலும் வைத்தேன். வலது பக்கக் கீழ்மூலையில் அண்ணன் கையெழுத்து இருந்தது. அதன் வால் மேலும் கொஞ்சம் மங்கலம் ஏறிவிட்டது.

செக்கில் போட்டிருந்த தேதி வந்ததும் பேங்குக்குப் போனேன். கவுண்டரில் இருந்த தம்பி செக்கை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான்.

"இன்னாம்மா இது, எந்த மண்டபத்துல கல்யாணம்?"

"தம்பி, பணத்தைப் போடுப்பா. கல்யாணத்துக்கு உன்னைத்தான் மொதல்ல கூப்பிடுவேன்."

"மிஷின் படிக்காதும்மா. அந்தக் கையெழுத்து மூலையையாவது தொடைச்சி எடுத்துக்கினு வா."

துடைத்து எடுத்துக்கொண்டு வா என்றான். எதைப் போட்டுத் துடைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, துணி துவைக்கிற சோப்பை ஈரத்துணியில் தேய்த்து, பதமாக ஒரு ஒத்தி ஒத்தினேன். மஞ்சளில் சோப்பு பட்டால் சிவக்கும் என்பது மஞ்சள் பூசிக் குளிக்கிற எந்தப் பொம்பளைக்கும் தெரியும். எனக்கும் முப்பது வருஷமாகத் தெரியும். அந்த ஒரு நிமிஷம் மட்டும் மறந்துபோனது. மூன்று மூலை மஞ்சள், ஒரு மூலை ரத்தச் சிவப்பு என்று ஆகிவிட்டது செக்.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் அதிர்ந்து பேசாத மனுஷன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் "பால் பொங்குது போலக்கீது" என்று யோசித்துச் சொல்லுகிற ஆள்.

"இன்னா புள்ள, கடா வெட்டின மாதிரி கீது?"

"யோவ், சும்மா கெட" என்றேன். வேறு என்ன சொல்ல?

பேங்க் தம்பி தலையில் அடித்துக்கொண்டு எப்படியோ அனுப்பி வைத்தான். மூன்றாம் நாள் திரும்பி வந்தது, கணக்கில் போதிய பணம் இல்லை என்ற சீட்டோடு. அண்ணனுடைய பேங்க் மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, சிவப்பைப் பற்றியும் சொல்லவில்லை. பணம் இல்லை, அவ்வளவுதான்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "மறுபடியும் போடு தங்கச்சி, வெள்ளிக்கிழமை நல்ல நாளு" என்றார். வெள்ளிக்கிழமை போட்டேன். நல்ல நாளில் நல்லபடியாகத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு போனை எடுப்பதையே விட்டுவிட்டார். நேரில் போனால் நாத்தனார் வாசலிலேயே நின்று, "அவரு திருவண்ணாமலை போயிருக்காரு அண்ணி" என்பாள். உள்ளே அவர் இருமுவது தெருவரை கேட்கும்.

வக்கீலம்மா ஒருத்தரைப் பிடித்தோம். சின்ன வயசு, கறாரான பேச்சு. நோட்டீஸ் விட்டார். பதில் வந்தது. பாகூர் அண்ணன் எழுதவைத்த அந்தப் பதிலை வக்கீலம்மா படித்துச் சொன்னார். பணத்தை எப்போதோ ரொக்கமாகக் கொடுத்துவிட்டாராம். செக் வெறும் ஜாமீனுக்குக் கொடுத்ததாம். அதையும் நாங்கள் திருப்பித் தராமல், கையெழுத்தின் மேல் ஏதோ ரசாயனத்தைத் தடவித் திருத்திவிட்டோமாம்.

"ரசாயனம் இன்னாம்மா?" என்றார் வக்கீலம்மா.

சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, என்னையே பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவர் தனியாகப் பீஸ் வாங்கவில்லை, அது வரைக்கும் லாபம்.

கேஸ் போட்டோம். பாண்டிச்சேரி கோர்ட்டுக்குப் போக உறுவையாறிலிருந்து ஒரு பஸ், வில்லியனூரிலிருந்து ஒரு பஸ். நான் போகிற நாளெல்லாம் அண்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் போகும். அவருக்கு உடம்பு சரியாக இருக்கிற நாளில் கோர்ட்டுக்கு லீவு. இப்படியே முக்கால் வருஷம் ஓடிற்று. மகள் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒருநாள் அண்ணன் வந்து கூண்டில் நின்றார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். "இல்லீங்கய்யா" என்றார், மோர் வேண்டாம் என்று சொல்லுவது போல.

அப்போதுதான் வக்கீலம்மா ஒரு மனுவை எடுத்தார். இடைக்கால இழப்பீடு என்று அதற்குப் பெயர். செக் கொடுத்தவன் குற்றம் இல்லை என்று சாதித்தால், கேஸ் முடியும்வரை வாங்கவேண்டியவன் பட்டினி கிடக்கக் கூடாதல்லவா? அதனால் செக் தொகையில் ஐந்தில் ஒரு பங்குவரை இப்போதே கொடு என்று கோர்ட் உத்தரவு போடலாம். போட்டே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை, நீதிபதி பார்த்து முடிவு செய்வார். மூன்று லட்சத்தில் ஐந்தில் ஒன்று அறுபதாயிரம். காலேஜ் பாக்கி ஐம்பத்தெட்டாயிரம். என் மூளையில் பீரோ கதவு திறக்கிற சத்தமே கேட்டது.

அண்ணனுடைய வக்கீல் எழுந்தார். "இந்தக் காசோலையின் நிறத்தைப் பாருங்கள்" என்று ஆரம்பித்தார். நல்ல குரல், நாடகத்தில் சேர்ந்திருந்தால் முன்னுக்கு வந்திருப்பார். நீதிபதி செக்கைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது என்னம்மா சிவப்பு?"

"சோப்பு போட்டேங்க ஐயா."

"செக்குக்கா?"

"மஞ்சளுக்குங்க. மஞ்சள் வெச்சது நான்தாங்க. அழிக்கலாம்னு சோப்பு போட்டேன், செவந்துபோச்சி."

கோர்ட்டே சிரித்தது. அண்ணனும் சிரித்தார், பாவம், கூட்டத்தோடு சேர்ந்து வாய் திறந்துவிட்டது. நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. கையெழுத்து சரியில்லை என்று பேங்க் திருப்பவில்லையே, பணம் இல்லை என்றுதானே திருப்பியிருக்கிறது என்று வக்கீலம்மா சொன்னதை எழுதிக்கொண்டார். அடுத்த வாய்தாவில் உத்தரவு வந்தது. அறுபது நாளில் அறுபதாயிரம்.

உத்தரவின் கடைசியில் ஒரு வரி இருந்தது. வக்கீலம்மா அதை நிறுத்தி நிதானமாகப் படித்தார். கேஸில் அண்ணன் விடுதலையானால், நாங்கள் வாங்கிய பணத்தை வட்டியோடு அவருக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு என் கூட வந்திருந்தவள் மகள். அந்த வரியை இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

அறுபது நாளில் கொடு என்றால் எந்தக் கௌரவமான மனுஷன் ஐம்பத்தொன்பதாம் நாள் கொடுப்பான்? இன்னும் முப்பது நாள் வேண்டும் என்று மனுப் போட்டார், கொடுத்தார்கள். தொண்ணூறாம் நாள், வக்கீலம்மா ஜப்தி வாரண்டு என்று ஒரு வார்த்தையை அவர் காதில் விழும்படி சொன்ன பிறகு, டிமாண்ட் டிராப்ட் வந்தது. அதை என் கையில் கொடுக்கும்போது வக்கீலம்மா, "தயவுசெய்து இதுக்கு ஒண்ணும் பூசாதீங்கம்மா" என்றார். பூசவில்லை. கையை இரண்டு தரம் கழுவிவிட்டுத்தான் வாங்கினேன்.

பணம் கணக்கில் ஏறியது. வீட்டில் சண்டை தொடங்கியது. பால் பொங்கினாலும் பதறாத மனுஷன் அன்றைக்குக் குரலை உயர்த்தினார்.

"அதைத் தொடாத புள்ள. அது கோர்ட்டு பணம். நாளைக்குத் தோத்துட்டா எங்க போவ? கெணத்தை விப்பியா, மாட்டை விப்பியா?"

"தொடாம இன்னா பண்றது? பொங்கல் வெச்சி படைக்கட்டுமா?"

"செக்கை நாறடிச்சது நீ. கேஸு புட்டுக்கிச்சின்னா அதனாலதான் புட்டுக்கும்."

அவர் சொன்னது உண்மை, அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. என்னென்னவோ கத்தினேன். அவருடைய சித்தப்பா வம்சத்தையே இழுத்தேன். மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை அவளைக் கூட்டிக்கொண்டு காலேஜுக்குப் போய் ஐம்பத்தெட்டாயிரத்தைக் கட்டினேன். பீரோவைத் திறந்தார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் கரப்பான் அரித்திருந்தது. பத்திரமாக வைத்திருந்ததற்கு நன்றி சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

மிச்சம் இரண்டாயிரம் நர்ஸ் பதிவுக்கும் பஸ்ஸுக்கும் சரியாகப் போயிற்று. அடுத்த சில மாதத்தில் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. சம்பளம் பதினெட்டாயிரம், ஹாஸ்டல். பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்று ஊரில் நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் போட்டுக்கொள்ளாத குறைதான்.

ஆனால் வீட்டுக்கு மாதம் நாலாயிரம்தான் அனுப்பினாள். சரி, புதுசு, செலவு இருக்கும் என்று விட்டேன். ஆறு மாதம் கழித்துப் பொங்கலுக்கு வந்தாள். அதே பழைய சுடிதார். செருப்பு வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. பதினெட்டாயிரம் சம்பளக்காரி ஊக்கு குத்திய செருப்போடு நடந்தால் பெற்றவள் மனசு எங்கே போகும்? எந்தப் பையனுக்குக் கொடுக்கிறாளோ என்றுதான் போயிற்று.

"சம்பளமெல்லாம் எங்கடி போவுது?"

"செலவாவுதும்மா."

"இன்னா செலவு? எவனாவது கீறானா?"

"சும்மா இரும்மா."

"சும்மா இருக்கவா உன்னை அந்தக் காலேஜிலருந்து மீட்டுக்கினு வந்தேன்? மரத்தை வித்து, மானத்தை வித்து, கோர்ட்டுல சோப்புக் கதை சொல்லி ஊர் சிரிக்க நின்னவடி நான்! நன்றி வேணாம், நாலு வார்த்தை உண்மை சொல்லு."

அவள் சொல்லவில்லை. பொங்கலைக் கூட ஒரு வாய்தான் சாப்பிட்டாள். ஊக்கு குத்திய செருப்போடு பஸ் ஏறிப் போனாள். போகட்டும், கழுதை என்றேன். இப்போது அதை நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போடலாம் போல இருக்கிறது.

கேஸ் அது பாட்டுக்கு நடந்தது. அண்ணனுடைய பேங்க் மேனேஜர் வந்து, கையெழுத்தில் எங்களுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை, பணம்தான் இல்லை என்று சாட்சி சொன்னார். ரொக்கமாகக் கொடுத்தேன் என்றவர் எந்த இடத்தில், யார் முன்னால் கொடுத்தார் என்று கேட்டபோது, திருவண்ணாமலைக்குப் போனவர் மாதிரி பேச்சே இல்லாமல் நின்றார். ஆனாலும் எதிர் வக்கீல் ஒவ்வொரு வாய்தாவிலும் அந்தச் சிவப்பு மூலையை விடவில்லை. நான் வீட்டில் துணி துவைக்க உட்காரும்போதெல்லாம் சோப்பைப் பார்த்துத் திட்டினேன்.

போன மாதம் தீர்ப்பு. குற்றவாளி என்று சொன்னார்கள். ஒரு வருஷம் ஜெயில், ஏற்கெனவே கொடுத்தது போக மீதிப் பணம் முழுவதும் எங்களுக்குத் தர வேண்டும். அண்ணன் முகத்தில் முதல்முறையாக என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுகிற தெம்பு இல்லை. நான் வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று, மகளுக்குப் போன் போட்டேன். வார்டில் இருந்தாள். எடுத்தாள்.

"ஜெயிச்சிட்டோம்டி."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அப்படின்னா அந்தப் பணத்தை எடுத்துக்கலாமாம்மா?"

"எந்தப் பணம்?"

"தோத்துட்டா வட்டியோட திருப்பிக் குடுக்கணும்னு அன்னிக்கு சொன்னாங்கல்ல. அதுக்காக பேங்குல மாசம் அஞ்சாயிரம் கட்டிக்கினு வரேன். அறுபதும் சேர்ந்துடுச்சி. வட்டிக்குத்தான் இப்போ கட்டிக்கினு இருந்தேன்."

வேப்பமரத்துத் திட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீதான் சோப்பைப் பார்த்துப் பார்த்துத் திட்டிக்கினு இருந்தியே. தோத்துட்டா உன்னாலதான்னு நெனைச்சிக்குவ. அப்பாவும் அதையே சொல்லுவாரு. அதுக்குத்தான்."

பெற்ற பெண்ணை எவனாவது கீறானா என்று கேட்ட வாய் இது. ஒருத்தன் இருந்திருக்கிறான்தான். மாதம் ஐந்தாயிரம் அவனுக்காகத்தான் எடுத்து வைத்திருக்கிறாள். வெள்ளை வேட்டி, இரண்டு பேனா, பாகூர். என் பிள்ளை அறுந்த செருப்போடு நைட் டூட்டி பார்த்து, அந்தத் திருடனுக்கு வட்டி சேர்த்துக்கொண்டிருந்தாள். அழுதேன். கோர்ட்டில் அழுகிறவளை யாரும் நின்று பார்க்க மாட்டார்கள், அங்கே அது தினமும் நடக்கிறது.

அதற்குள் வக்கீலம்மா வந்து தோளைத் தொட்டார். போனைக் கையால் பொத்திக்கொண்டேன். அண்ணன் அப்பீல் போவார், முப்பது நாள் டைம் இருக்கிறது, தண்டனையையும் அதுவரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றார். மேல் கோர்ட்டில் இன்னொரு ஐந்தில் ஒரு பங்காவது கட்டச் சொல்லுவார்களாம். அங்கே அவர் ஜெயித்துவிட்டால் எல்லாவற்றையும் வட்டியோடு திருப்ப வேண்டுமாம். கோர்ட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு என்றால், ஐந்து கோர்ட் ஏறினால் என் மரத்துக்கு முழு விலை வந்துவிடும் போலிருக்கிறது. அந்த நேரத்திலும் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

"அம்மா? லைன்ல இருக்கியா? எடுத்துக்கலாமா, வேணாமா?"

பொத்தியிருந்த கையை எடுத்தேன்.

"எடுத்துக்கடி. மொதல்ல ஒரு நல்ல செருப்பு வாங்கு."

அப்பீலைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. இன்றைக்குவரை சொல்லவில்லை. வீட்டில் கறவை மாடு இரண்டு இருக்கிறது, அடுத்த நடவில் நானே கூலிக்கும் இறங்குவேன். மாதம் ஐந்தாயிரம் இனிமேல் நான் கட்டிக்கொள்கிறேன். சோப்பு போட்டவள் நான்தானே.